அடிபட்டவர்கள் மறுபடியும் ஜெபிக்கத் தொடங்குவது எப்படி: ஒரு தையற்காரியின் குறிப்புகள்

நான் ஜாக்கெட் தைக்கிறவள். பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இரண்டு தையல் இயந்திரம் போடுகிற அளவுக்கு இடம். வேதாகமக் கல்லூரிப் பக்கம்கூடப் போனதில்லை. 1998-இல் கல்யாணம். 2009-இல் இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்தேன். நடுவில் பதினொரு வருடம் அடி. அந்தப் பதினொரு வருடமும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனேன், முழங்கை மறைகிற கை வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு. வெளியே வந்தபின் இரண்டு வருடம் போகவில்லை. போகாத அந்த இரண்டு வருடத்தில்தான் எனக்கு விசுவாசம் வந்தது என்று சொன்னால் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் முகம் சுளிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

அளவு எடுக்கும்போது சில பெண்களைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். நாடாவைத் தோளில் வைத்ததும் உடம்பு சுருங்கும். "முதுகு இறக்கம் வேண்டாம் அக்கா, ஏற்றியே வையுங்கள்" என்பார்கள். நான் ஒன்றும் கேட்பதில்லை. துணி வாங்க வரும் நாளில் அவர்களாகவே கேட்பார்கள், நீங்கள் எப்படி மறுபடியும் ஜெபிக்க ஆரம்பித்தீர்கள் என்று. அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டை விட்டு வெளியே

இன்று ராத்திரியும் அடி விழும் என்ற நிலையில் நீங்கள் இருந்தால் இதன் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். 181-க்கு அழையுங்கள். பெண்களுக்கான அரசு உதவி எண், கட்டணம் கிடையாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்திருந்தால் அதைச் சபைக் கமிட்டியில் பேசித் தீர்க்கக் கூடாது. 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர்கள் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். குற்றவாளி ஐயராக, அதாவது சபைப் போதகராக, இருந்தாலும் அப்படித்தான்.

எடுத்து வைக்க வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பேங்க் புத்தகம், கோயிலில் கொடுத்த திருமணச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டுகள். நான் இவற்றைத் தைக்க வந்த துணிப்பைக்குள், வெட்டின துண்டுகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அவர் என் அலமாரி, அரிசிப் பானை, தலையணை உறை எல்லாவற்றையும் சோதிப்பார். கந்தல் துணியில் மட்டும் கை வைக்க மாட்டார்.

சட்டத்தில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு கேட்க விவாகரத்து செய்ய வேண்டியதில்லை. கணவர் நெருங்கக் கூடாது என்றும், அந்த வீட்டில் எனக்கு இடம் வேண்டும் என்றும் மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு கேட்கலாம். மாவட்டத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-இல் சட்ட உதவி ஆணையத்தைக் கேளுங்கள். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

இரண்டாவது, "நம்மவர்களுக்கு விவாகரத்தே கிடையாது" என்று ஒரு பெரியவர் நிச்சயம் சொல்வார். எனக்கும் சொன்னார்கள். 1869-ஆம் வருடத்துப் பழைய சட்டத்தில், கிறிஸ்தவ மனைவிக்கு அடி வாங்கியது மட்டும் போதாது, கணவனுடைய விபசாரத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும் என்று இருந்தது. 2001-இல் அதைத் திருத்திவிட்டார்கள். கொடுமை ஒன்றே போதும். எனக்குக் கல்யாணம் ஆனபோது இருந்த சட்டம் ஒன்று, நான் வெளியேறியபோது இருந்த சட்டம் வேறொன்று. நடுவில் சுமார் ஐந்நூறு பிரசங்கம் கேட்டிருப்பேன். ஒன்றிலும் இது வரவில்லை.

அடையும் தண்ணீரும்

வெளியே வந்தவுடன் பலர் உபவாச ஜெபத்துக்குக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். சாப்பிடுங்கள்.

எலியா தீர்க்கதரிசி யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டார். முதலாம் ராஜாக்கள் பத்தொன்பதாம் அதிகாரம். தேவதூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். பேச்சுவார்த்தையெல்லாம் அதற்கப்புறம்தான், நாற்பது நாள் கழித்து.

எனக்கு வந்த தூதன் அடுத்த வீட்டுப் பெரியம்மா. இரண்டு வாரம் தினமும் காலையில் ஒரு தூக்குவாளியில் கஞ்சியும் சின்னக் கிண்ணத்தில் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்து, வாசல்படியில் உட்கார்ந்து, நான் தின்று முடிக்கும்வரை பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். ஒரு வசனம் சொன்னதில்லை. வேதாகமத்தில் எல்லாம் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதரும் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அவர்மேலேயே குற்றம் சொல்லாமல் அதோடு நிறுத்தியிருந்தால் அவர்களுக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

மாத்திரையும் இந்தக் கணக்கில்தான் சேரும். தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, பழைய சம்பவம் கண்முன்னே ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-இல் பேசலாம், தமிழில் பேசுவார்கள். சுகமளிக்கும் கூட்டம் ஒன்றில், மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்லக் கேட்டு நான் அட்டையோடு சாக்கடையில் போட்டேன். மூன்றாம் ராத்திரி, கதவுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று ஒன்பது முறை எழுந்து பார்த்தேன். விடிந்ததும் போய் ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றேன். பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லிக் கடிதமே எழுதியிருக்கிறார். ஜெபம்பண்ணு, சரியாகிவிடும் என்று அதை முடித்திருக்கலாம், முடிக்கவில்லை.

ஆறு கொக்கி

ஜெபம் வராது. அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடினாலே பயமாக இருக்கும், ஏனென்றால் கண்ணை மூடியிருக்கும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கலாம். முழங்காலில் நிற்க வேண்டாம், நடந்துகொண்டே சொல்லலாம். எனக்குக் கை வேலையாக இருந்தால்தான் வாய் திறந்தது.

ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டுவது இயந்திரத்தில் ஆகாது, கையால்தான். நான் ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு கொக்கி வைப்பேன். பதின்மூன்றாம் சங்கீதத்தில் ஆறே வசனம். முதல் கொக்கிக்கு முதல் வசனம்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" ஊசியைத் துணிக்குள் விட்டு, கொக்கியின் வளையத்தில் நான்கு சுற்று, ஒரு முடிச்சு. அடுத்த வசனம். முதல் இரண்டும் முறையீடு. அடுத்த இரண்டில், நான் செத்துப்போவேன், என் சத்துரு ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்வான் என்று தாவீது கெஞ்சுகிறார். ஐந்தாவதில் சட்டென்று, "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று திரும்பிவிடுகிறார்.

எனக்கு அவ்வளவு வேகமாகத் திரும்ப வரவில்லை. நான்கு வசனத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சம் இரண்டு கொக்கியையும் பேசாமல் கட்டுவேன். நினைக்காததைச் சொல்லிக் கடவுளுக்கு முகஸ்துதி செய்வதைவிட அது மேல் என்று தோன்றியது. எட்டு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடந்த ஜூன் மாத மத்தியானம், கவனிக்காமலே ஐந்தாவதையும் சொல்லியிருந்தேன். சொன்னதை ஆறாவது கொக்கியில்தான் உணர்ந்தேன். கூட்டம், மேளம், கண்ணீர் எதுவும் கிடையாது. பவர் கட் வேறு. ஆனால் என் விசுவாசம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று யாராவது கேட்டால் அந்த மத்தியானத்தைத்தான் சொல்வேன்.

உங்கள் வேலை வேறாக இருக்கலாம். பூ கட்டுகிறவர் கண்ணிக்கு ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளலாம், பீடி சுற்றுகிறவர் கட்டுக்கு ஒரு வசனம். சங்கீதம் மட்டும் முறையீட்டுச் சங்கீதமாக இருக்கட்டும். 13-இன் முடிவில் வரும் நம்பிக்கையே கனமாக இருந்தால் 88-ஐப் பாருங்கள், அதில் கடைசிவரை வெளிச்சமே வராது. வேதாகமத்தில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"பிதாவே" என்ற வார்த்தை சிலருக்குத் தொண்டையில் நிற்கும். அடித்தவர் அப்பாவாக இருந்தால், அல்லது என்னைப் போல, மூன்று முறை ஓடிவந்தும் மூன்று முறையும் பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பியவர் அப்பாவாக இருந்தால். அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள். கன்மலை, மேய்ப்பர், அடைக்கலம் என்று வேறு எத்தனையோ பெயர் இருக்கிறது. "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" என்று ஏசாயா 66-இல் அவரே சொல்கிறார். நான் வெகுகாலம் ஆகார் வைத்த பெயரைத்தான் சொன்னேன், "நீர் என்னைக் காண்கிற தேவன்". அடிமைப் பெண், கர்ப்பிணி, எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடியவள். கடவுளுக்குப் பெயர் வைக்கிற துணிச்சல் அவளுக்கு இருந்திருக்கிறது.

வசனத்தைக் கொண்டு அடிப்பவர்கள்

ஆகாரைச் சொன்னேன் என்றால் ஒருவர் உடனே மடக்குவார்: அந்தத் தூதனே அவளைத் திரும்பிப் போய் அடங்கியிருக்கச் சொன்னானே? ஆமாம், ஆதியாகமம் 16-இல் சொன்னான். அந்த வசனம் எனக்கு இன்றும் உறுத்துகிறது, உறுத்தவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கதை 21-ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. அங்கே அவள் பிள்ளையோடு துரத்தப்பட்டு, தண்ணீர் தீர்ந்து அழுகிறபோது, திரும்பிப் போ என்று யாரும் சொல்லவில்லை. தேவன் அவள் கண்ணைத் திறந்தார், பக்கத்திலேயே ஒரு துரவு இருந்தது. 16-ஆம் அதிகாரத்தோடு நிறுத்துகிறவர்களிடம் 21-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள்.

மல்கியா 2:16-உம் அப்படித்தான். "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்பது வரை எல்லோருக்கும் மனப்பாடம். அதே வசனம் தொடர்ந்து, கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பாதியை எனக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை. எபேசியர் ஐந்தில் மனைவிக்கு மூன்று வசனம், கணவனுக்கு அதைவிட நீளமான பகுதி, தன் சொந்தச் சரீரத்தைப்போல அன்புகூர வேண்டும் என்று. தன் கையைத் தானே அடுப்பில் வைத்துக்கொள்கிற ஆளை எந்த ஊரில் பார்த்திருக்கிறார்கள்?

வாதாடி ஜெயிக்க வேண்டாம். "ஐயா, வசனத்தை முழுவதும் வாசித்துவிட்டுப் பேசலாமா?" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் பேச்சு அங்கே நின்றுவிடும்.

எந்தக் கோயில், எந்த இடம்

தனியாக எவ்வளவு நாள் ஜெபித்தாலும் ஒரு கட்டத்தில் மற்றவர்கள் பாடுகிறதைக் கேட்க வேண்டும்போல் இருக்கும். எனக்கு அது 2011 லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், வந்தது. பழைய சபைக்குத் திரும்பவில்லை. அங்கே அவர் கமிட்டியில் இருந்தார்.

நான் முதலில் போனது பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஊரார் சொல்லும் கிளாரிந்தா ஆலயத்தின் வாசலுக்கு. ஆராதனைக்கல்ல, சும்மா நிற்க. கிளாரிந்தா மராத்தியப் பிராமண விதவை. உடன்கட்டை ஏற இருந்தவளை ஓர் ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார், அவரோடு வாழ்ந்தாள். அதனாலேயே மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்தபின், 1778-இல்தான் கொடுத்தார். அவளோ அதற்குள் தான் அறிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கியிருந்தாள். அவள் முயற்சியில் எழுந்த கோயிலை 1785-இல் அதே சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலித் திருச்சபையே ஒருகாலத்தில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கியது என்று நினைத்தபோது, வாசலில் நிற்பது அவ்வளவு கேவலமாகத் தெரியவில்லை.

சபையைத் தேர்ந்தெடுக்க என்னுடைய சோதனை ஒன்று உண்டு. ஐயரின் மனைவியான ஐயரம்மாவிடமோ சங்கத்தில் பொறுப்பில் இருப்பவரிடமோ, பரவினாலும் பரவாயில்லை என்கிற ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள். நான் சொன்னது, வாடகை இரண்டு மாத பாக்கி என்பது. அடுத்த வெள்ளிக்கிழமை அது ஜெபக்குறிப்பாகப் பத்துப் பேர் முன்னால் வந்தால் அந்த இடத்தில் பெரிய விஷயத்தைத் திறக்காதீர்கள். நம்மூரில் ஊர்வம்புக்கு ஜெபக்குறிப்பு என்று இன்னொரு பெயர். இரண்டு இடத்தில் என் வாடகை பாக்கிக்காகச் சத்தமாக ஜெபித்தார்கள். மூன்றாவது இடத்தில் ஐயரம்மா யாருக்கும் சொல்லாமல், தன் மகளின் மூன்று ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுத்து, கூலியை முன்பணமாகத் தந்தார். இன்றைக்கும் அங்கேதான் போகிறேன்.

தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கலாம் என்று எந்த ஊழியக்காரர் சொன்னாலும், கதவு திறந்திருக்கட்டும், கூட ஒரு பெண் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அனுமதி கேட்காமல் தலையில் கை வைத்தால் தலையை நகர்த்திக்கொள்ளலாம், பாவமில்லை. உங்கள் கஷ்டத்துக்குச் சாபம் காரணம், இவ்வளவு காணிக்கை கொடுத்தால் முறியும் என்றால் கிளம்புவதற்குச் செருப்பைத் தேடுங்கள். உட்காரும் இடம் கடைசி வரிசை, கதவோரம். பாட்டு நடுவே மூச்சு முட்டினால் யாரையும் தாண்டாமல் வெளியே போகலாம்.

ஈட்டியைத் திருப்பிக் கொடுப்பது

மன்னிப்பு என்ற பேச்சை மற்றவர்கள் மிகச் சீக்கிரம் எடுப்பார்கள். உங்கள் உதட்டில் தையல் பிரிப்பதற்கு முன்பே எடுப்பார்கள். அவசரப்பட வேண்டாம். வருகிற நாளில், முதலாம் சாமுவேல் 26-ஐ வாசியுங்கள்.

சவுல் ராஜா தாவீதின்மேல் ஈட்டி எறிந்தவர். அந்த ராத்திரி தாவீது, தூங்குகிற சவுலின் தலைமாட்டிலிருந்து அதே ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு, கொல்லாமல் வந்துவிடுகிறார். வந்து, தூரத்து மலையுச்சியில், நடுவே நல்ல இடைவெளி விட்டு நின்று கூப்பிடுகிறார். சவுல் அழகாகப் பேசுகிறார்: "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா." கேட்ட மாதிரி இருக்கிறதா? எங்கள் வீட்டில் ஒவ்வொரு அடிக்கும் மறுநாள் காலையில், கையில் அல்வாப் பொட்டலத்தோடு, இதே வசனம் ஒலிக்கும். தாவீது போகவில்லை. "வாலிபரில் ஒருவன் இப்புறம் வந்து, அதை வாங்கிக்கொண்டுபோகட்டும்" என்றார். ஈட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனார். செம்பைத் திருப்பிக் கொடுத்ததாக எழுதவில்லை. வழிக்குத் தண்ணீர் வேண்டுமே.

என்னிடம் அவர் வீட்டுக் குடும்ப வேதாகமம் வந்துவிட்டிருந்தது, கறுப்புத் தோல் அட்டை, முதல் பக்கத்தில் மூன்று தலைமுறைப் பிறப்பு இறப்பு. வெளியே வந்த நாளில் என்னுடையது என்று நினைத்து எடுத்தது. ஆறு வருடம் அதைப் பார்க்கும்போதெல்லாம் அடுப்பில் போடத் தோன்றும். ஒரு நாள் தோன்றவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றி, அவருடைய தம்பி மகனை வரச் சொல்லி, கடையின் படிக்கு வெளியே நிற்க வைத்து, கையில் கொடுத்தேன். "பெரியம்மா ஏதாவது சொன்னார்களா என்று பெரியப்பா கேட்பாரே, என்னவென்று சொல்ல?" என்று குழம்பிக் கேட்டான். "ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்" என்றேன். என் மன்னிப்பு அவ்வளவுதான். வழக்கு அதுபாட்டுக்கு நடந்தது.

சாட்சி சொல்வது

கொஞ்சம் தேறியதும் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை நான் மறுத்துவிட்டேன், அது அவர்களுடைய கதையும்தான். போன வருடம் பெண்கள் பண்டிகையில் முதல்முறையாகப் பேசினேன். நான்கு நிமிடம். எங்கே எப்படி அடித்தார் என்பதைச் சொல்லவில்லை. அதைக் கேட்டு உச்சுக் கொட்டுவதற்கு எப்போதும் ஆள் இருக்கும். சூரைச்செடியைச் சொன்னேன், ஆறு கொக்கியைச் சொன்னேன், உதவி எண்களையும் இரண்டு முறை சொன்னேன். ஒலிபெருக்கி நடுவில் கீச்சிட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் இடத்தில், எனக்கு அறிமுகமில்லாத ஒரு பெண், இலையை எறிந்துவிட்டு வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தாள். வெயில் காலம், முழங்கை மறைகிற ஜாக்கெட். என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அந்த 181, ராத்திரியிலும் எடுப்பார்களா?"

"எடுப்பார்கள்" என்றேன்.